கார் முன்கண்ணாடியில் கல் பட்டால்: ரிப்பேர் போதுமா, மாற்ற வேண்டுமா?

முன்கண்ணாடியில் கல் பட்டால் அதை ரிப்பேர் செய்வதா, கண்ணாடியையே மாற்றுவதா என்று யோசிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். அதற்குள் தூசியும் தண்ணீரும் உள்ளே இறங்கிவிட்டாலோ, வெயிலில் விரிசல் ஓடிவிட்டாலோ மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது. புதிதாகக் கார் வாங்கியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பணத்தை விடுகிறார்கள். சின்னப் புள்ளிதானே என்று இரண்டு மாதம் அப்படியே ஓட்டுகிறார்கள். இல்லையென்றால் பயந்துபோய், நூறுகளில் முடியவேண்டிய வேலைக்கு ஆயிரங்களைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

டெல்டாவில் இதற்குப் பஞ்சமில்லை. தஞ்சாவூர்–விக்கிரவாண்டி நான்குவழிச் சாலை வேலை வருடக்கணக்கில் இழுத்ததில் கும்பகோணம் பக்கம் ஓடிய வண்டிகளுக்கு ஜல்லி பழகிப்போனது. தார்ப்பாய் போடாத டிப்பர் எந்தச் சாலையிலும் முன்னால் வந்து நிற்கும். அறுவடை நாட்களில் ஊர்ச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். வண்டிகள் நெல் மேல் ஏறாமலிருக்க ஓரத்தில் கற்களை வரிசையாக வைப்பார்கள். நெல்லை அள்ளிய பிறகும் கற்கள் மட்டும் அங்கேயே கிடக்கும். அடுத்து வரும் பஸ்ஸின் டயர் அதில் ஒன்றை எடுத்து உங்கள் மேல் எறியும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மரத்தடியில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்குக் கல்லே தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முன்கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பாதி முடிவை நீங்களே எடுத்துவிடலாம். கார் முன்கண்ணாடி ஒரே தகடு இல்லை. இரண்டு கண்ணாடித் தகடுகள், அவற்றுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம். கடைகளில் சுருக்கமாகப் பிவிபி என்பார்கள். படலத்தின் தடிமன் பெரும்பாலும் 0.76 மி.மீ. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 5 மி.மீ. வரும். இதுதான் லேமினேட்டட் கண்ணாடி. கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டும்தான் அடிபடும். நடுப்படலம் பிடித்துக்கொள்வதால் உள்தகடு தப்பிக்கும், கண்ணாடியும் நொறுங்கி முகத்தில் விழாது.

ரிப்பேர் என்பது அடிபட்ட அந்த வெளித்தகட்டுக்குள் இருக்கும் வெற்றிடத்தை ரெசின் என்ற பிசினால் நிரப்புவது. அதனால்தான் பக்கவாட்டுக் கண்ணாடியையும் பெரும்பாலான கார்களின் பின்கண்ணாடியையும் ரிப்பேர் செய்ய முடியாது. அவை ஒற்றைத் தகடு கொண்ட டெம்பர்டு கண்ணாடி. உடைந்தால் கல்கண்டு மாதிரி மொத்தமாகக் கொட்டிவிடும், மாற்ற வேண்டியதுதான். எது எந்த வகை என்று சந்தேகமிருந்தால் கண்ணாடியின் கீழ் மூலையில் பொறித்திருப்பதைப் படியுங்கள். தயாரித்த கம்பெனி, ஐஎஸ்ஐ முத்திரை, கண்ணாடியின் வகை எல்லாம் அங்கே இருக்கும்.

இன்னொன்று. முன்கண்ணாடியின் வேலை காற்றையும் மழையையும் தடுப்பது மட்டும் இல்லை. இன்றைய கார்களில் அது பாடியோடு பசையால் ஒட்டப்பட்டு, கூரையைத் தாங்குவதில் பங்கெடுக்கிறது. பல வண்டிகளில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது முன்கண்ணாடியில் மோதித்தான் ஆளின் பக்கம் திரும்புகிறது. ஒட்டு சரியில்லாத கண்ணாடியாக இருந்தால் ஏர்பேக் அதையே வெளியே தள்ளிவிடலாம். ‘கண்ணாடிதானே, யார் போட்டால் என்ன’ என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடம்

கல் பட்ட சத்தம் கேட்டதும் திடீர் பிரேக் போடாதீர்கள். முன்னால் போகும் லாரியிடமிருந்து விலகி, ஓரம் கிடைக்கும்போது நிறுத்துங்கள். லாரியை மறித்துச் சண்டை போடுவதால் பைசா கிடைக்காது.

அடிபட்ட இடத்தின் மேல், அதாவது வெளிப்பக்கம், ஒரு துண்டு செல்லோ டேப்பை ஒட்டுங்கள். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண டேப் போதும். இந்த முழு வேலையிலும் மிக மலிவானதும் மிக முக்கியமானதும் இதுதான். ரெசின் உள்ளே இறங்க வேண்டிய இடத்தில் தூசியும் ஈரமும் போகாமல் தடுப்பது அந்த டேப்தான். ஒட்டுவதற்கு முன் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வைப்பரோடு தண்ணீர் பீய்ச்சாதீர்கள். சோப்புத் தண்ணீர் உள்ளே போனால் பிறகு எடுப்பது கஷ்டம். விரலை வைத்து அழுத்திப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

ஃபெவிக்விக் விடுவது, நெயில் பாலிஷ் தடவுவது என்று யாராவது யோசனை சொல்வார்கள். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் அவை இறுகிவிட்டால் அந்த இடத்தில் முறையான ரெசின் இறங்காது. ரிப்பேருக்கு இருந்த ஒரே வாய்ப்பும் போய்விடும்.

அப்புறம் ஒரு போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அளவும் தெரியும், நாளைக்கு விரிசல் வளர்ந்ததா என்று ஒப்பிடவும் உதவும். காப்பீட்டுக்கும் அதுவே ஆதாரம்.

வீடு போகும்வரை ஏசிக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே கொதிக்கும் கண்ணாடியின் உள்பக்கத்தில் குளிர்காற்று நேராக அடித்தால், இரண்டு தகடுகளும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். அந்த இழுவிசை போய்ச் சேரும் இடம் விரிசலின் நுனிதான். காலையில் புள்ளியாக இருந்தது மாலையில் ஒரு சாண் நீளக் கோடாகிவிட்டது என்று பலரும் சொல்வது இதனால்தான். வெயிலில் நின்ற வண்டியின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றுவதும் இதே கதைதான்.

பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியவை

வீட்டுக்கு வந்ததும், வெயில் ஏறுமுன் அல்லது சாய்ந்தபின், நிதானமாகப் பாருங்கள். பலரும் முதலில் நீளத்தை அளக்கிறார்கள். என்னைக் கேட்டால் நீளத்தைக் கடைசியில் அளக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது ஆழம், அப்புறம் இடம்.

ஆழத்தைப் பார்க்கக் காருக்குள் உட்கார்ந்து, அடிபட்ட இடத்துக்கு நேர் உள்பக்கத்தில் நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் உள்தகடு பத்திரமாக இருக்கிறது. நகம் எங்காவது தட்டினால், உள்பக்கம் கண்ணாடித்தூள் உதிர்ந்திருந்தால், உள்தகடும் போய்விட்டது என்று பொருள். அதற்கு ரிப்பேர் கிடையாது. நடுவிலுள்ள படலம் கிழிந்திருந்தாலும் அப்படியே. மேற்கொண்டு எதையும் அளக்க வேண்டாம், மாற்றும் வேலையைப் பாருங்கள்.

அடுத்தது இடம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்குக்கு நேர் எதிரே பாருங்கள். ஒரு ஏ-4 தாளைக் குறுக்கே பிடித்தால் எவ்வளவு அகலமோ, ஏறக்குறைய அவ்வளவு அகலத்தில், வைப்பர் துடைக்கும் உயரம் முழுக்க ஒரு பட்டை. சாலையைப் பார்க்கும் கண் பெரும்பாலும் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கும். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனச் சோதனையில் இந்தப் பட்டையை 290 மி.மீ. என்று கணக்கிட்டு, அதற்குள் 10 மி.மீ.க்கு மேல் சேதம் இருந்தால் வண்டியைத் தோல்வி என்று எழுதிவிடுவார்கள். வைப்பர் துடைக்கும் மற்ற பகுதிகளில் 40 மி.மீ. வரை விடுகிறார்கள். நம்மூரில் மில்லிமீட்டர் கணக்குப் பார்த்து யாரும் நிறுத்துவதில்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

காரணம் இருக்கிறது. எவ்வளவு நல்ல ரிப்பேராக இருந்தாலும் உற்றுப் பார்த்தால் ஒரு மங்கலான தழும்பு தெரியும். பகலில் அது தொந்தரவு செய்யாது. இரவில் மன்னார்குடி–திருத்துறைப்பூண்டி மாதிரி குறுகலான சாலையில், எதிரே வருகிறவர் ஹைபீமை இறக்காமல் வரும்போது, அந்தத் தழும்பில் வெளிச்சம் சிதறும். ஓரத்தில் சைக்கிளில் போகிறவர் அந்தச் சிதறலுக்குப் பின்னால் மறைந்துபோவார். ஆகவே கண்ணுக்கு நேரே உள்ள பட்டையில் மிகச் சிறிய புள்ளி என்றால் மட்டும் ரிப்பேர். அதற்கு மேல் என்றால் மாற்றிவிடுவதுதான் நல்லது, செலவானாலும்.

விளிம்பு இன்னொரு ஆபத்தான இடம். கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை இருக்கும், அங்கேதான் பாடியோடு ஒட்டியிருக்கிறது. ஓரத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ.க்குள் விரிசல் தொடங்கினாலோ, எங்கோ தொடங்கிய விரிசல் ஓரத்தைத் தொட்டுவிட்டாலோ ரிப்பேர் நிற்காது. பாடி முறுக்கும்போது வரும் அழுத்தம் முழுக்க அந்த விளிம்பில்தான் இருக்கிறது. வாய்க்கால் மதகு மேட்டில் ஒரு பக்கச் சக்கரம் ஏறி இறங்குவதே போதும், விரிசல் ஓடிவிடும். கல்லே படாமல் ஓரத்திலிருந்து தானாகக் கிளம்பிய விரிசலையும் சிலர் பார்த்திருப்பார்கள். முன்பு யாரோ சரியாகப் பொருத்தாத கண்ணாடியாகவோ, ஃபிரேம் வளைந்ததாகவோ இருக்கலாம். அதை மாற்றும்போது காரணத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் புதுக் கண்ணாடியும் அதே இடத்தில் விடும்.

இந்த இரண்டையும் தாண்டிவிட்டீர்களா? இப்போது அளவு. வட்டமான கல்லடியோ நட்சத்திரம் மாதிரி கிளைவிட்டதோ, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் ரிப்பேருக்கு நல்ல வாய்ப்பு. கோடாக ஓடிய விரிசல் என்றால் ஒரு விரல் நீளம் வரை தயங்காமல் ரிப்பேர் செய்யலாம். ஒரு சாண் நெருங்கும்போது சந்தேகம்தான். அதைவிட நீளமானதையும் நிரப்பிக் காட்டும் கைதேர்ந்த ஆட்கள் உண்டு. ஆனால் நம் சாலைக்கும் வெயிலுக்கும் அது எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கேள்வி. அடிபட்ட இடங்கள் மூன்று நான்கு இருந்து, அவை ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருந்தால் தனித்தனியாக ரிப்பேர் செய்து பணத்தைக் கரைக்க வேண்டாம்.

கடைசியாக, எத்தனை நாள் ஆயிற்று என்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம் நனைந்த விரிசலுக்குள் சேறு கலந்த தண்ணீர் இறங்கி, ஓரம் பழுப்பாகத் தெரியும். அப்படி நிறம் மாறிவிட்டால் ரெசின் ஒட்டினாலும் கறை போகாது, ஒட்டும் அரைகுறையாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் அடிபட்டால் டேப்பைத் தினமும் பார்த்து, தளர்ந்திருந்தால் காய்ந்த துணியால் ஒற்றியெடுத்துவிட்டுப் புதிது ஒட்டுங்கள்.

கடையில் என்ன பேச வேண்டும்

டெல்டாவின் சிறு ஊர்களில் கார் கண்ணாடிக் கடை என்றால் பெரும்பாலும் மாற்றுகிற கடைதான். ரெசின் கருவி வைத்திருப்பவர்களைத் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி என்று கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். புறப்படும் முன் போனில் கேட்டுவிடுங்கள். நேரே போய் நின்றால் பேச்சு இப்படித்தான் தொடங்கும்:

“இதெல்லாம் ஒட்டுனா நிக்காது சார், மாத்திடுங்க. ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தர்றேன்.”

“இல்லண்ணே, வெளித்தகடுதான் போயிருக்கு, உள்ள தடவிப் பார்த்தேன். ஓரத்துலயும் இல்ல. நீங்க ரெசின் போடுவீங்களா, இல்ல மாத்துறது மட்டும்தானா?”

இப்படி நேராகக் கேட்டால் அவரும் நேராகச் சொல்லிவிடுவார். ரெசின் கருவி இல்லாத ஒருவர் மாற்றச் சொல்வதில் ஆச்சரியமில்லை, அவருடைய தொழில் அது. நீங்கள்தான் வேறு கடைக்குப் போக வேண்டும்.

ரிப்பேர் செய்பவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள், அரை மணி நேர வேலைதான். உதிர்ந்த தூளை ஊசியால் நீக்குவார், ஈரமிருந்தால் காயவைப்பார். பிறகு உறிஞ்சிப் பிடிக்கும் ஒரு கருவியை அடிபட்ட புள்ளியின் மேல் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிட்டு ரெசினை அழுத்தத்தில் செலுத்துவார். கிளைகளின் நுனிவரை வெள்ளை மறைந்து கண்ணாடி நிறம் வந்தால் ரெசின் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் புற ஊதா விளக்கால் இறுகவைத்து, மேலே மிஞ்சியதைப் பிளேடால் சுரண்டி மெருகேற்றுவார். காற்றை இழுக்கும் வேலையே இல்லாமல் ரெசினைச் சொட்டுவிட்டு விளக்கைக் காட்டினால் அது ரிப்பேர் இல்லை, பூச்சு.

நிழலில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். கண்ணாடி கொதித்துக்கொண்டிருந்தால் ரெசின் சரியாகப் பரவாது, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் நேரத்துக்கு முன்பே அதை இறுகவும் வைக்கும். உச்சி வெயிலில் போய் நிற்காமல் காலையில் போவது நல்லது.

வேலை தொடங்கும் முன் இரண்டு கேள்வி. ரெசின் செலுத்தும் அழுத்தத்தில் விரிசல் ஓடிவிட்டால் என்ன செய்வீர்கள்? பிற்பாடு அதே இடம் மறுபடி விட்டால் கொடுத்த பணத்தைக் கண்ணாடி மாற்றும் பில்லில் கழிப்பீர்களா? முதலாவது நடக்கக்கூடியதுதான், அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்பே பேசிவிட்டால் வாக்குவாதம் இருக்காது.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு ரிப்பேர் கிட் விற்கிறது. வட்டமான சின்னப் புள்ளிக்கு, கை நிதானமுள்ளவர்களுக்கு, அது வேலை செய்யும். ஒரு தடவை தப்பாகப் போட்டுவிட்டால் அதே இடத்தில் மறுபடி நல்ல ரெசின் இறங்காது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டைத் தொடலாமா

ரிப்பேர் செலவுக்குக் காப்பீட்டை நினைக்கவே வேண்டாம். கண்ணாடியை மாற்றும்போதுதான் இந்தக் கேள்வி வரும், அதிலும் முழுக் காப்பீடு வைத்திருந்தால்தான். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் கண்ணாடிக்கு ஒன்றும் கிடைக்காது.

கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி கழிப்பார்கள், கண்ணாடிக்கு முழு விலையும் கணக்கில் வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கிளைமிலும் கட்டாயமாக உங்கள் கையிலிருந்து போகும் தொகை உண்டு: 1500 சிசி வரையான கார்களுக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய். ஒட்டும் பசை போன்றவை ‘கன்ஸ்யூமபிள்’ என்ற கணக்கில் வந்து, அதற்குத் தனிக் கூடுதல் காப்பீடு இல்லையென்றால் அதுவும் உங்கள் தலையில்தான். சுற்றி வரும் ரப்பர் பீடிங்கில் பாதியும் அப்படியே.

பெரிய இழப்பு இதிலெல்லாம் இல்லை, நோ கிளைம் போனஸில் இருக்கிறது. ஒரு கிளைமும் இல்லாமல் ஓராண்டு போனால் சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது உங்கள் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில், 20 சதவீதம் தள்ளுபடி. இரண்டாண்டுக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. ஒரு கிளைம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு. தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் 8000 ரூபாய். மூன்றாவது வருடம் முடியப்போகிறது, இதுவரை கிளைம் இல்லை. கண்ணாடியும் கூலியும் சேர்ந்து 7000 ரூபாய். கட்டாயத் தொகை 1000, பசையும் பீடிங்கும் 500 போக, காப்பீடு தருவது 5500. கிளைம் போடாவிட்டால் அடுத்தடுத்த வருடங்களில் தள்ளுபடி 35, 45, 50, 50, 50 என்று போகும். போட்டால் 0, 20, 25, 35, 45. ஐந்து வருட வித்தியாசத்தைக் கூட்டினால் 105 சதவீதம், அதாவது 8400 ரூபாய். வண்டியின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் இறங்கும் என்பதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் குறைவாக இருக்கும். அப்படியும் 5500-ஐ வாங்குவதற்கு அதைவிட அதிகம் கொடுத்ததாகத்தான் வரும்.

ஆகவே சாதாரண ஹேட்ச்பேக் கண்ணாடிக்குக் கைக்காசு, கேமராவும் சென்சாரும் உள்ள விலை உயர்ந்த கண்ணாடிக்குக் கிளைம் என்பது என் கணக்கு. போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் கதையே வேறு, பாலிசியை எடுத்துப் படித்துவிட்டுத் தைரியமாகப் போடலாம். புயலில் மரம் விழுந்து கண்ணாடியோடு பானெட்டும் கூரையும் போனால் தயக்கமே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவில் தென்னை மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே சம்பவத்தில் ஆன சேதம் எல்லாவற்றையும் ஒரே கிளைமில் சேர்த்துவிடலாம்.

எதுவானாலும் கண்ணாடியைக் கழற்றும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மாற்றிவிட்டுப் பில்லை நீட்டினால் உடைந்த கண்ணாடி எங்கே என்று கேட்பார்கள்.

மாற்றுவது என்று முடிவானால்

முதலில் உங்கள் பழைய கண்ணாடியில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறதா? மழை சென்சார்? மேலே நிறப் பட்டை? ஒரே மாடல் காரில் டாப் வேரியண்டுக்கு ஒரு கண்ணாடி, பேஸ் வேரியண்டுக்கு வேறொன்று. சென்சார் பொருத்தும் இடம் இல்லாத கண்ணாடியை மலிவாகப் போட்டுவிட்டுப் பிறகு மழையில் வைப்பர் தானாக ஓடவில்லை என்று வருந்திப் பயனில்லை. தானாகப் பிரேக் போடும், சாலையிலுள்ள கோடுகளைக் கவனிக்கும் கேமரா உள்ள வண்டி என்றால் கண்ணாடி மாற்றிய பிறகு அந்தக் கேமராவைக் கேலிப்ரேட் செய்ய வேண்டும், அதாவது அதன் பார்வையைச் சரிபார்த்து மறுபடி அமைக்க வேண்டும். அந்த வசதி உள்ள சர்வீஸ் சென்டரில்தான் அதைச் செய்ய முடியும். ‘ஒன்றும் தேவையில்லை சார்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள்.

கம்பெனி ஷோரூமில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. செயின்ட் கோபேன் செக்யூரிட், அசாஹி இந்தியா ஆகியவை கார் கம்பெனிகளுக்கே கண்ணாடி கொடுப்பவை. அதே தயாரிப்பு வெளிக்கடையிலும் கிடைக்கிறது. மூலையில் தயாரிப்பாளர் பெயரும் ஐஎஸ்ஐ முத்திரையும் தெளிவாக இருக்க வேண்டும். பொருத்துவதற்கு முன் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, அதன் வழியாக எதிரே உள்ள மின்கம்பத்தைப் பாருங்கள். கம்பம் நெளிந்து தெரிந்தால் வேறு கேளுங்கள். கறுப்புக் கூலிங் ஃபிலிம் ஒட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

அம்பாசடர் மாதிரி பழைய வண்டிகளில் ரப்பர் பீடிங்குக்குள் கண்ணாடியைச் செருகிவிடுவார்கள். இன்றைய கார்களில் யூரித்தேன் பசை. கறுப்பாக, துப்பாக்கி மாதிரி கருவியில் வைத்துப் பிழிவார்கள். சாதாரண சிலிகான் சீலன்ட்டை எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது தண்ணீரைத் தடுக்கும், ஆனால் மோதலில் கண்ணாடியைப் பிடித்து நிறுத்தாது.

பழைய பசையை வெட்டி எடுக்கும்போது கத்தி பட்டு ஃபிரேமின் பெயின்ட் சுரண்டப்படும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று உப்புக்காற்று அடிக்கும் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுரண்டிய இடத்தில் பிரைமர் தடவாமல் பசையைப் போட்டு மூடிவிட்டால் உள்ளே துரு பிடித்து, சில வருடங்களில் ஒட்டே தகட்டோடு பெயர்ந்து வரும். பழைய பசையை முழுக்கச் சுரண்டித் தகடு தெரிய வைப்பது சுத்தமான வேலை இல்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சீராக விட்டு, அதன் மேல் புதுப் பசையைப் போடுவதுதான் முறை.

யூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும், அந்த வகையில் நம் புழுக்கம் உதவியே செய்கிறது. ஆனால் பசை போடும்போது ஃபிரேமில் மழைத்துளி விழக்கூடாது. ஐப்பசியில் திறந்தவெளிப் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், கூரைக்குள் செய்பவரைத் தேடுங்கள். எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்பது பசைக்குப் பசை மாறும், டப்பாவில் போட்டிருக்கும். கடைக்காரர் ‘உடனே எடுத்துட்டுப் போலாம்’ என்றாலும் டப்பாவைக் காட்டச் சொல்லிப் படியுங்கள்.

முதல் நாள் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று ஈரப் பசையைத் தள்ளும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் டேப்பை மறுநாள் எடுத்தால் போதும். இரண்டு நாளைக்கு வாட்டர் வாஷ் வேண்டாம். அதற்குப் பிறகு தண்ணீரை மெதுவாக விட்டு மேல் ஓரத்தை நனைத்து, உள்ளே டேஷ்போர்டு ஓரமும் கால்மிதியும் ஈரமாகிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் விசில் சத்தம் கேட்டாலும் ஒட்டு எங்கோ விட்டிருக்கிறது என்று அர்த்தம். பில்லோடு அதே கடைக்குப் போய்ச் சரிசெய்யச் சொல்லலாம். வைப்பர் ரப்பரையும் கையோடு மாற்றிவிடுங்கள். பழைய ரப்பரில் ஏறியிருக்கும் மணல் புதுக் கண்ணாடியில் கோடு போட்டுவிடும்.

ஃபாஸ்டேக்கை மறக்காதீர்கள்

கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போய்விடும். பிய்த்தெடுத்து மறுபடி ஒட்டினால் பெரும்பாலும் வேலை செய்யாது, பிய்க்கும்போதே கிழிகிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். பழைய டேக்கைக் கையில் பிடித்துக் காட்டிப் போய்விடலாம் என்றும் நினைக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டாத டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் நடவடிக்கை எடுத்தது. கண்ணாடி மாற்றும் நாள் முடிவானதுமே, டேக் கொடுத்த வங்கியின் செயலியிலோ உதவி எண்ணிலோ மாற்று டேக் கேட்டுவிடுங்கள். கண்ணாடி உடைந்தது என்ற காரணத்தைச் சொன்னால் அதே கணக்குக்கு, இருப்புத் தொகையோடு, புது டேக் தருவார்கள். வேறு வங்கியில் புதிதாக வாங்கினால் ஒரு வாகனத்துக்கு ஒரு டேக் என்ற விதியால் பழையது செயலிழக்கும், அதிலிருக்கும் பணத்தைத் திரும்ப வாங்க அலைய வேண்டும்.

புது டேக் கைக்கு வருவதற்குள் திருச்சி போக வேண்டியிருந்தால், வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடியில் ரொக்கத்தை நீட்டாமல் யுபிஐயில் கட்டுங்கள். 2025 நவம்பரில் வந்த விதிப்படி டேக் இல்லாத வண்டிக்கு ரொக்கம் என்றால் இரட்டிப்பு, யுபிஐ என்றால் ஒன்றேகால் மடங்கு.